அப்துல்லாஹ்வின் பதினோரு பிள்ளைகள்

சகலை மேல் சகலைக்குப் பொறாமை வருவது உலகத்தில் இல்லாத சங்கதி அல்ல. ஆனால் அந்தப் பொறாமையை இருநூறு கோப்பைகளில் ஒட்டி, சொந்தச் சூளையில் வேகவைத்து, ஒன்று கூட விரிசல் விடாமல் வைக்கோல் சுற்றி அனுப்பி வைக்கிற பாக்கியம் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஹமீத் ஒருவருக்குத்தான் வாய்த்தது.

ஹமீதின் ஷெட்டில் இருபது வருஷமாக ஃபியூஸ் கட்டைதான் செய்துகொண்டிருந்தார்கள். இப்போது காபிக் கோப்பையும் செய்கிறார்கள். கோப்பையில் கல்யாண ஜோடியின் படம், கட்சிச் சின்னம், 'எங்கள் செல்லக்குட்டி' என்று எது கேட்டாலும் ஸ்டிக்கராக ஒட்டி மறுசூடு கொடுத்துவிடலாம். சூட்டில் வெந்த எழுத்து பிறகு உயிர் போனாலும் அழியாது. அந்தத் தைரியத்தில்தான் உமர் பாரூக் ஆர்டர் கொடுத்திருந்தார்.

உமர் பாரூக், ஹமீதின் மனைவி ஜைத்தூன் பீவிக்கு அக்காள் வீட்டுக்காரர். மங்கலம்பேட்டை. ஷார்ஜாவில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து மாடி வைத்த வீடு கட்டியிருக்கிறார். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை புது வீட்டில் விருந்து. வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கோப்பை. கோப்பையில் ஒரு மரம். மரத்தின் அடியில் 'குதிரை ராவுத்தர்' என்று கொட்டை எழுத்து. குதிரை வாங்கி விற்ற அந்த மனிதரிலிருந்து ஏழு தலைமுறை கிளை கிளையாக மேலே ஏறி, உச்சாணிக் கொம்பில் போன மாதம் பிறந்த பாரூக்கின் பேரன் வரைக்கும் வந்து நிற்கும்.

"பாய், இந்த மரத்துல உங்க பேரு எங்க இருக்குது?" என்று கேட்டாள் பூவாயி. ஸ்டிக்கரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வழுக்கி எடுத்து, கோப்பையில் ஒட்டி, காற்றுக் குமிழை ரப்பரால் தள்ளுகிற வேலை அவளுடையது. கை ஓயாது. வாயும் அப்படித்தான்.

"சகலை பேரெல்லாம் மரத்துல வராது பூவாயி."

"அப்ப உங்க மரம்?"

"எங்க மரம் கொஞ்சம் தள்ளி இருக்குது."

"வேலிக்கு அந்தாண்டையா?"

ஹமீத் சூளைப் பக்கம் போனார். அவருக்கு அத்தா பெயர் தெரியும், ஜமால். பாட்டன் பெயர் தெரியும், பக்கீர் முகம்மது. அதற்கு மேல் கேட்டால் புகைமூட்டம். குதிரையும் இல்லை, கழுதையும் இல்லை. இத்தனை வருஷம் அது அவரை உறுத்தியதும் இல்லை. காதில் விழாத பாட்டுக்கு யார் தலையாட்டப் போகிறார்கள்? சகலையின் மரம் கையில் வந்து விழுந்த பிறகுதான், தான் ஒரு மொட்டைக் கம்பம் என்று உறைத்தது.

மொட்டைக் கம்பமாகவே காலத்தைத் தள்ளியிருப்பார். மகள் ஹஸ்னாவின் பாஸ்போர்ட் வந்து கெடுத்தது.

ஹஸ்னா இருபத்து மூன்று வயது நர்ஸ். ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை. ஷார்ஜாவில் ஒரு ஆஸ்பத்திரி அவளைக் கூப்பிட்டிருந்தது. பாஸ்போர்ட் எடுக்க விண்ணப்பம் போடும்போது ஏஜென்ட் சொன்னான்: "ஒத்தப் பேரு போட்டா அங்க எறங்கறப்ப தொல்லை. சர்நேம் கட்டம் காலியா இருக்கக் கூடாது. யோசிச்சு வைங்க. பத்து நாள்ல, திங்கக்கெழம சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடணும்."

இந்தச் சேதியை ஜைத்தூன் அக்காளுக்குச் சொல்ல, அக்காள் பாரூக்கிடம் சொல்ல, பாரூக் அன்று மாலையே காரில் வந்து இறங்கிவிட்டார். அவர் வந்தால் கூடவே பேரீச்சம்பழமும் அத்தர் வாசனையும் யோசனையும் வரும்.

"இதுக்குப் போயி என்னா மண்டைய ஒடைச்சிக்கிறீங்க சகலை. ராவுத்தர்னு போட்டுக்கச் சொல்லுங்க. ஹஸ்னா நம்ம புள்ளதானே."

"நல்ல யோசனையா இருக்குதே," என்றாள் ஜைத்தூன்.

கட்டிய மனைவியே இப்படிச் சொன்னது ஹமீதுக்கு, சொந்தச் சூளையின் கதவு சொந்தக் காலிலேயே விழுந்த மாதிரி இருந்தது. அவர் மனத்தின் கணக்கு எளிமையானது. சகலையின் வீடு பெரிது, சரி. சகலையின் கார் பெரிது, சரி. சகலைக்கு இந்த வயதிலும் தலையில் முடி இருக்கிறது, அதையும் அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் தான் பெற்ற பெண் விமானம் ஏறும்போது சகலையின் பாட்டனாரைக் கூட்டிக்கொண்டு ஏறுவதா?

"அத்தா பேரையே போட்டுக்கிறேம்மா, நெறைய பேரு அப்படித்தான் போடறாங்க," என்றாள் ஹஸ்னா.

"ஹமீதுங்கறது வெறும் பேரு," என்றார் ஹமீத். "சர்நேம்ங்கறது வம்சம். எங்களுக்கும் வம்சம் இருக்குது. நான் எடுத்துத் தரேன்."

"எங்கேர்ந்து எடுப்பீங்க?" என்று ஜைத்தூன் கேட்டாள். கேலியாகக் கூடக் கேட்கவில்லை. பரணில் தேடப்போகிறாரா, கட்டிலுக்கு அடியிலா என்று தெரிந்தால் ஒட்டடை அடித்து வைக்கலாம் என்கிற மாதிரி கேட்டாள். அது இன்னும் சுட்டது.

"பாருங்க சகலை, நல்லபடியா கெடைக்கட்டும்," என்றார் பாரூக். சொல்லும்போது அவர் கண் ஒரு கணம் பேரீச்சம்பழத் தட்டுக்குத் தாழ்ந்ததை ஹமீத் கவனித்தார். பயப்படுகிறான் என்று எடுத்துக்கொண்டார்.

நம் ஜனங்களுக்கு வம்சம் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். பள்ளிவாசலில் இருக்கும் நிக்காஹ் தஃப்தர். யாருக்கும் யாருக்கும் கல்யாணம், மாப்பிள்ளைக்கு அத்தா யார், பெண்ணுக்கு அத்தா யார், மாப்பிள்ளை கொடுக்கிற மஹர் எவ்வளவு, சாட்சி யார் என்று கல்யாணத்தன்றே எழுதி வைக்கிற புத்தகம். ஒவ்வொரு மாப்பிள்ளையின் அத்தாவும் ஒரு காலத்தில் மாப்பிள்ளையாக இருந்தவர்தானே. அவர் கல்யாணப் பக்கத்தைப் பிடித்தால் அவருடைய அத்தா கிடைப்பார். இப்படியே கயிறு பிடித்துக் கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே போகலாம். பாரூக்கும் இப்படித்தான் இறங்கியிருக்கிறார்.

ஜமாஅத் ஆபீசைப் பார்த்துக்கொள்பவன் ஷமீர். முப்பது வயது. பள்ளிவாசல் கடைகளில் ஒன்றில் செல்போன் ரீசார்ஜ் கடையும் வைத்திருந்தான். அதனால் எப்போதும் அரை ஆள்தான் ஆபீசில் இருப்பான்.

"பழைய தஃப்தர் எல்லாம் அந்த பீரோவுல இருக்குது மாமா. பக்கத்த மெதுவா திருப்புங்க, பொடியா உதிருது. கடையில ஆளு நிக்குது, நான் போயிட்டு வரேன்," என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஹமீத் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் நாள் பாட்டன் பக்கீர் முகம்மதுவின் கல்யாணம் கிடைத்தது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. தகப்பனார் காதர் மொய்தீன். ஒரு படி இறங்கியாயிற்று. இரண்டாவது நாள், தும்மித் தும்மி மூக்கு செங்கல் நிறத்துக்கு வந்த பிறகு, காதர் மொய்தீனின் கல்யாணமே கிடைத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது. ஊர் என்கிற இடத்தில் 'ரயிலடி' என்றிருந்தது. தகப்பனார் என்கிற இடத்தில், மசி மங்காமல், அழகான சாய்வெழுத்தில் 'அப்துல்லாஹ்'.

ஹமீத் செல்போனில் அந்த எழுத்தை மட்டும் பெரிதாகப் படம் எடுத்தார். பூட்டன் காதர் மொய்தீன். அவருக்கு அப்பன் அப்துல்லாஹ். ரயிலடி. வெள்ளைக்காரன் ரயில் விட்ட காலத்தில் ரயிலடியில் ஒரு முஸ்லிம் சும்மாவா இருந்திருப்பார்? காண்ட்ராக்டராக இருந்திருக்க வேண்டும். தண்டவாளத்துக்குக் கட்டை சப்ளை. குதிரை என்ன குதிரை, ரயிலோடு ஓடி ஜெயிக்குமா குதிரை?

இத்தோடு எழுந்து வந்திருந்தால் கதை வேறு. ஆனால் பொறாமைக்காரன் பசி ஒரு சோற்றில் அடங்காது. பாரூக்கின் மரத்தில் ஏழு தலைமுறைக்கும் கிளை இருந்தது. இங்கே ஒரே நேர்க்கோடு. அப்துல்லாஹ்வுக்கு வேறு பிள்ளைகள் இருந்தார்களா என்று தேடினார். மூன்றாவது நாள் ஒன்று கிடைத்தது. அதே ஆண்டு, ஊர் ஸ்ரீமுஷ்ணம், தகப்பனார் அப்துல்லாஹ். நாலாவது நாள் மங்களூரில் ஒரு பெண். கடலோரத்து மங்களூர் இல்லை, திட்டக்குடிப் பக்கத்து மங்களூர். அப்புறம் மழைக்கு முளைத்த காளான் மாதிரி வரத் தொடங்கிவிட்டார்கள். மொத்தம் பதினொன்று. கடைசிப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில்.

கொஞ்சம் யோசிக்கிற ஆளாக இருந்தால் இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்திருப்பார். ஹமீத் கூட யோசிக்கத்தான் செய்தார். ஒரு பிள்ளைக்கு ஒன்பதிலும் இன்னொரு பிள்ளைக்கு நாற்பத்தாறிலும் கல்யாணம் என்றால் மனுஷர் நாற்பது வருஷம் விடாமல் பெற்றிருக்கிறார். ஊருக்கு ஊர் ஒரு குடும்பம். ஸ்ரீமுஷ்ணத்தில் நிலம் இருந்திருக்கும், மங்களூரில் தோப்பு இருந்திருக்கும். ஆள் எப்படிப்பட்ட ஆம்பளையாக இருந்திருக்க வேண்டும்! ஹமீத் தன்னையறியாமல் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஷெட்டில் படம் வரைந்தாயிற்று. கோப்பையில் போட்டால் பாரூக்குக்குச் சமமாகத்தான் இருக்கும். ஆகவே ஒரு சஹன் செய்வது என்று முடிவெடுத்தார். விருந்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் பிரியாணி சாப்பிடுகிறோமே, அந்த அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒரு தட்டு. நடுவில் பச்சை மரம். அடியில் அப்துல்லாஹ், ரயிலடி. அங்கிருந்து பதினோரு கிளைகள்.

"உங்க பெரியவரு எத்தன கட்டுனாரு பாய்?" என்று பூவாயி குமிழைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"நாலு இருக்கும்."

"பதினொன்னுக்கு நாலு போதுமா. அவரு என்னிக்கு வூட்டுல இருந்தாரு, என்னிக்கு பஸ்ஸுல இருந்தாரு?"

"அப்ப ஏது பஸ்ஸு? ரயிலு."

"அதான. ரயிலடியில குடியிருந்தவருக்குப் போவ வர சவுரியம்."

ஞாயிற்றுக்கிழமை மங்கலம்பேட்டையில் பாரூக்கின் புது வீடு ஜேஜே என்று இருந்தது. வாசலில் பந்தல், பந்தலில் நாற்காலி, நாற்காலியில் வளைகுடா. துபாயில் இருப்பவர்கள் ஒரு வரிசையாகவும் குவைத்தில் இருப்பவர்கள் ஒரு வரிசையாகவும் உட்கார்ந்திருந்தார்கள். துஆ ஓதி முடித்த ஹஜ்ரத், முன் வரிசையில் பாரூக்கின் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். ஹால் சுவரில் குதிரை ராவுத்தர் மரம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது.

ஹமீத் மூட்டையைப் பிரித்து சஹனை வெளியே எடுத்தார். கூட்டத்தில் ஒரு 'ஓ' எழுந்தது. அந்த 'ஓ' அவர் வயிற்றில் ஒரு செம்பு மோரை ஊற்றியது மாதிரி இறங்கியது.

"இது எங்க பக்கத்து மரம். எங்க பெரியவரு அப்துல்லாஹ். பதினோரு புள்ளைங்க. தஃப்தர்லயே இருக்குது, ஒன்னு ஒன்னா நான் பாத்து எடுத்தது," என்றார். பதினோரு என்பதை அழுத்திச் சொன்னார். ஏழு என்பதை அவர் சொல்லவில்லை. சுவரில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரிதானே தொங்கியது.

ஹஜ்ரத் தட்டைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலால் கிளைகளைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். நாலாவது கிளையில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

"ஹமீத் பாய், இவங்க எல்லாருக்கும் தகப்பனார் எடத்துல அப்துல்லாஹ்ன்னா போட்டிருந்துச்சு? அது என்னான்னா, அந்தக் காலத்துல..."

"ஹஜ்ரத்!" என்று உள்ளேயிருந்து வந்த பாரூக் அவர் முழங்கையைப் பிடித்தார். "மொத பந்திய வச்சாச்சு. ஆறிப்போனா நெய் உறைஞ்சிடும். நீங்க வராம யாரு கை வைப்பா. வாங்க, வாங்க." ஹஜ்ரத் எழுந்திருக்கவில்லை, எழுப்பப்பட்டார். பாரூக் திரும்பி, "இது சோறு போடற தட்டு இல்ல சகலை. செவுத்துல மாட்டற தட்டு. குடுங்க," என்று சஹனை வாங்கி, யாரும் தொடாத உயரத்தில் ஷோகேஸுக்கு மேல் வைத்துவிட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

ஹமீத் எல்லாவற்றையும் பார்த்தார். ஹஜ்ரத் பாராட்டிப் பேச ஆரம்பித்ததும் பொறுக்கவில்லை பாரூக்குக்கு. வாயை அடைத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தட்டையும் கண்ணில் படாத உயரத்துக்கு ஏற்றிவிட்டார். சுபஹானல்லாஹ். அத்தனை பெரிய வீட்டுக்காரருக்கு வயிறு எரிந்துவிட்டது. ஹமீத் அன்றைக்கு இரண்டு ஆள் பிரியாணி சாப்பிட்டார். வயிறு எரிகிறவன் வீட்டுப் பிரியாணிக்குத் தனி ருசி இருக்கிறது.

வண்டியில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்திருந்த ஜைத்தூனிடம், "உங்க மச்சான் மூஞ்சியப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். பாவமா இருந்துச்சு."

"இருக்கும். ஏழுக்கும் பதினொன்னுக்கும் நாலு வித்தியாசம்ல."

திங்கட்கிழமை காலை ஹமீத் ஜமாஅத் ஆபீசுக்குப் போனது சான்றிதழ் வாங்க. சர்நேம் போட்டால் ஏதாவது ஒரு அத்தாட்சி கையில் இருப்பது நல்லது என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். 'அப்துல்லாஹ் வம்சத்தார்' என்று லெட்டர்பேடில் எழுதி சீல் வைத்துக் கொடுத்தால் போதும்.

ஷமீர் லெட்டர்பேடை எடுத்தான். பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றினான். திருப்பி மூடினான்.

"மாமா, வம்சம்னு என்னால எழுத முடியாது."

"ஏன்? தஃப்தர்ல இருக்குதுல்ல?"

"இருக்குது. ஆனா அப்துல்லாஹ்ங்கறது ஒரு ஆளு இல்ல மாமா." ஷமீர் குரலைத் தாழ்த்திக்கொண்டான். ஆபீசில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர ஒரு பல்லிதான் இருந்தது. "யாரு புதுசா நம்ம மார்க்கத்துக்கு வந்தாங்களோ, யாருக்கு அத்தா யாருன்னு தெரியலையோ, அவங்களுக்கெல்லாம் இங்க எழுதினவங்க அந்த எடத்துல அப்துல்லாஹ்ன்னு எழுதிடுவாங்க. அல்லாஹ்வோட அடிமைன்னு அர்த்தம். யாருக்கும் அது பொய்யாவாதுல்ல. வளத்தவங்க பேர அத்தாவா போடறதுக்கு மார்க்கத்துல எடமில்ல, வெறுமனே வுடறதுக்கும் மனசு வராது."

ஹமீத் பல்லியைப் பார்த்தார்.

"அப்ப பதினோரு பேரு?"

"ஒருத்தருக்கு ஒருத்தர் சம்பந்தமே இல்ல மாமா. அந்த ஸ்ரீமுஷ்ணத்துக்காரரு குடும்பத்தோட மார்க்கத்துக்கு வந்தவரு. மங்களூர் அம்மா அனாதையா வந்தவங்கன்னு கேள்வி."

"எங்க காதர் மொய்தீனு?"

ஷமீர் எழுந்து போய் தஃப்தரை எடுத்து வந்து பக்கத்தைத் திறந்தான். தைத்த மடிப்புக்குள் புதைந்திருந்த ஓரத்தை விரலால் விரித்துக் காட்டினான். ஹமீதின் செல்போன் படத்தில் அந்த ஓரம் விழவில்லை. பென்சிலில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'ரயிலில் வந்த பிள்ளை. பள்ளிவாசலில் வளர்ந்தவர்.'

"யாரோ ரயில்ல ஏத்தி வுட்டுட்டாங்க போலருக்குது. இல்ல, கூட வந்தவங்க காய்ச்சல்ல போயிட்டாங்களோ என்னவோ. அந்த வருஷங்கள்ல பேதி, பஞ்சம் எல்லாம் இருந்துச்சுல்ல. நமக்குத் தெரியாது மாமா."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

ஷமீர் தலையைச் சொறிந்தான். "பாரூக் மாமாவுக்குத் தெரியும். அவங்க பாட்டியாரு இந்த ஊருல்ல? போன வருஷம் தஃப்தர் பாக்க வந்தப்ப நான்தான் இந்தப் பக்கத்தக் காட்டி, இது ஹமீத் மாமா பூட்டனாருன்னு சொன்னேன். அவங்க புக்க மூடிட்டு, 'இத நீ ஹமீதுகிட்ட சொல்லாத, அவரு மனசு ஒரு மாதிரி'ன்னாங்க. அதான் நீங்க அஞ்சு நாளு வந்தப்பவும் நான் கடை கடைன்னு ஓடிட்டேன்."

ஆபீசிலிருந்து எஸ்டேட் வரைக்கும் ஹமீத் வண்டியை உருட்டிக்கொண்டே போனார். ஏறி ஓட்டலாம் என்று பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

அவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. பூட்டனுக்காகத் துக்கமாகக் கூட இருந்தது, ரயில் ஜன்னல் உயரம் கூட இல்லாத ஒரு பிள்ளை பிளாட்பாரத்தில் நிற்கிற மாதிரி ஒரு படம் கண்ணில் வந்து வந்து போனது. ஆனால் அதையெல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றது பழைய ஆசாமிதான். பொறாமை. முன்னைக்கு இரண்டு மடங்கு ஆகி வந்து நின்றது. பணத்தில் ஜெயித்தான், போகட்டும். பாட்டனில் ஜெயித்தான், அதுவும் போகட்டும். நல்ல மனசு ஒன்றுதான் ஹமீத் தன் பங்குக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். வீடு சின்னது, வருமானம் சின்னது, ஆனால் மனசு பெரிது என்று எத்தனை தடவை தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருப்பார்! அதையும் ஒரு வருஷம் முன்னாலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டான், சத்தமில்லாமல். நேற்று ஹஜ்ரத்தின் முழங்கையைப் பிடித்து இழுத்ததும், முகம் சிவந்ததும், தட்டை எட்டாத உயரத்தில் வைத்ததும் இப்போது ஒவ்வொன்றாக வந்து கன்னத்தில் அறைந்தன. அந்த மனுஷன் வீட்டிலேயே உட்கார்ந்து அவன் வயிறு எரிவதாக நினைத்து இரண்டு ஆள் பிரியாணி சாப்பிட்டிருக்கிறார். அது இப்போதுதான் நெஞ்சைக் கரித்தது.

ஷெட்டில் இன்னொரு சஹன் இருந்தது. விரிசல் விட்டால் மாற்றுக்கு என்று சேர்த்துச் சுட்டது. ஹமீத் அதைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"போட்டு ஒடைக்கப் போறீங்களா?" என்று பூவாயி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "ஒடைச்சா நான்தான் கூட்டணும். நேத்தே இடுப்புப் புடிச்சிக்கிச்சு."

தூக்கிய தட்டை இறக்குவது தூக்குவதை விடக் கஷ்டமான காரியம். ஹமீத் இறக்கி மேஜையில் வைத்தார்.

"என்னா பாய், பெரியவரு பதினொன்னு பெக்கலியா?"

"ஒன்னு கூட பெக்கல பூவாயி. அப்பன் யாருன்னு தெரியாத பதினோரு பேரு. பள்ளிவாசல்ல ஒரே பேர எழுதி வச்சிட்டாங்க."

பூவாயி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து தட்டைப் பார்த்தாள். அவள் ஒட்டிய கிளைகள். "குமிழு ஒன்னு கூட இல்ல பாருங்க," என்றாள். பிறகு, "எங்க மாமியாளுக்கும் அப்பன் பேரு தெரியாது. ரேஷன் கார்டுல புருசன் பேரு கேட்டான், ஆதார்ல அப்பன் பேரு கேட்டான். கெழவி அழுதுட்டு வந்துச்சு. இந்தப் பள்ளிவாசக்காரரு அன்னிக்கு இருந்திருந்தா தேவல," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

வீட்டில் ஹஸ்னா டியூட்டி முடிந்து வந்து, சாப்பிட்ட தட்டைக் கழுவக் கூட எழுந்திருக்காமல் செல்போனில் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். மணி நாலு. ஆறுக்குள் அனுப்ப வேண்டும். சர்நேம் கட்டம் காலி.

"சர்ட்டிபிகேட் குடுத்தாங்களா அத்தா?"

ஹமீத் செருப்பைக் கழற்றினார், முகம் கழுவினார், தண்ணீர் குடித்தார், மறுபடி முகம் கழுவினார். இரண்டு தடவை முகம் கழுவிய புருஷனை ஜைத்தூன் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ராவுத்தர்னே போட்டுக்கம்மா," என்றார்.

"ஏன், அப்துல்லாஹ் என்னா ஆனாரு?"

சொன்னார். முதலில் சுற்றி வளைத்து, ரயில், பேதி, பஞ்சம் என்று எங்கெங்கோ போய், கடைசியில் இரண்டே வார்த்தையில். ஆளே இல்ல.

ஜைத்தூன் அடுக்களையிலிருந்து வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். "அக்கா வூட்டுல அத்தன பேருக்கு முன்னாடி பதினொன்னு பதினொன்னுன்னு கத்திட்டு வந்தீங்களே," என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் நல்ல மனசுக்காரிதான். வீடு முழுக்க நல்ல மனசாக இருப்பது பொறாமைக்காரனுக்குப் பெரிய இடைஞ்சல்.

ஹஸ்னா சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எங்க வார்டுல போன மாசம் ஒரு பொண்ணு தனியா வந்து பெத்துச்சு," என்றாள். "கொழந்தையோட அப்பா பேருன்னு கட்டம் இருக்குது. அது ஒன்னும் சொல்லல. நாங்க என்னா செய்வோம் தெரியுமா? ஒரு கோடு போடுவோம். எனக்கு கை வரல. ஆனா வேற வழி இல்ல, கோடுதான் போட்டேன்." செல்போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "பூட்டனாருக்கு அன்னிக்கு எழுதினவரு கோடு போடல பாருங்க அத்தா."

"அதுக்கில்லம்மா. பாரூக் பெரியத்தாவோடது நெஜமான பேரு. வம்சம். இது..."

"இதுவும் தஃப்தர்ல இருக்குற பேருதானே. பூட்டனாரு அதச் சொல்லித்தானே பொண்ணு கேட்டிருப்பாரு. குடுத்திருக்காங்கல்ல?"

குடுத்திருக்கிறார்கள். ஹமீதுக்கு அது தோன்றவே இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில், குதிரை இல்லாமல், தோப்பு இல்லாமல், அடியில் வேர் எதுவும் இல்லாமல், ரயிலடியிலிருந்து ஒருவன் மாப்பிள்ளையாகக் கிளம்பிப் போயிருக்கிறான். ஊரில் ஒரு தகப்பன் தன் பெண்ணைக் கொடுத்திருக்கிறான். சகலை யார், சகலையின் பாட்டன் யார் என்று அந்த மாப்பிள்ளை யாரையும் அண்ணாந்து பார்த்திருக்க மாட்டான். ஹமீதுக்கு இப்போது காதர் மொய்தீன் மேல் பொறாமை வந்தது. கொஞ்ச நஞ்சம் இல்லை, நன்றாகவே வந்தது.

"ஷமீரு, வம்சம்னு தர முடியாது, தஃப்தர்ல இப்படி இருக்குதுன்னு வேணா எழுதித் தரேன்னான்," என்றார் மெதுவாக.

"அது போதும்," என்ற ஹஸ்னா ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அப்துல்லாஹ். தட்டி முடித்து, ஒருமுறை சரிபார்த்து, அனுப்பியும் விட்டாள். அஞ்சு நாள் தும்மிய தும்மலுக்கு ஒரு கட்டம் நிறைந்தது.

ஜைத்தூன் தன் செல்போனை நீட்டினாள். "அக்கா வூட்டுக்கு நீங்களே பேசிடுங்க. நான் பேச மாட்டேன்."

பாரூக் முதல் மணியிலேயே எடுத்தார்.

"சகலை, நான்தான்," என்றார் ஹமீத். 

"ஷமீரு சொல்லிட்டானா?"

"சொல்லிட்டான். நீங்க நேத்தே சொல்லியிருக்கலாம். போன வருஷமே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா? பாரூக் பொறாமையில சொல்றான்னு சொல்லியிருப்பீங்க."

அப்படித்தான் சொல்லியிருப்பார் என்பது ஹமீதுக்கே தெரியும். 

"தட்ட எறக்கி மூட்ட கட்டி வச்சிடட்டுமா?" என்று பாரூக் தயங்கித் தயங்கிக் கேட்டார். "யாரும் கேட்டா நான் ஒடைஞ்சிடுச்சின்னு சொல்லிக்கிறேன்."

மறுபடியும் நல்ல மனசு. ஹமீத் பல்லைக் கடித்துக்கொண்டார். நிலைப்படியில் ஜைத்தூன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஹஸ்னா கட்டிலில் சாய்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள், செல்போன் மடியில்.

"வேணாம். இருக்கட்டும். ஹஸ்னாவுக்கு அந்தப் பேருதான் போட்டிருக்குது," என்றார். "இப்ப அது எங்க இருக்குது?"

"ஹால்ல மாட்டிட்டேன் சகலை. காலையிலதான் ஆணி அடிச்சேன்."

"ஹால்லன்னா, குதிரை மரத்துக்குப் பக்கத்துலயா?"

"பக்கத்துலதான். கொஞ்சம் கீழ."

"எவ்ளோ கீழ?"

பாரூக் எழுந்து போய்ப் பார்க்கிற சத்தம் கேட்டது. "ஒரு சாண் இருக்கும்."

ஹமீத் மனசுக்குள் ஒரு சாணை அளந்து பார்த்தார். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தார். இவ்வளவு நடந்த பிறகு சொல்வது அழகில்லை என்பதும் தெரிந்தேதான் இருந்தது.

"நாளைக்கு டீக்கு வரேன் சகலை," என்றார். "சுத்தியல் நான் கொண்டாரேன்."